ஓடு மாற்றிய கோடை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் பெரியவர்கள், கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பதைப் பற்றி ஏனோ ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கட்டுவதற்காவது மேஸ்திரி உண்டு, சித்தாள் உண்டு, மனை போடுவதற்கு நல்ல நாள் உண்டு, பால் காய்ச்சுவதற்கு உறவினர் கூட்டம் உண்டு. பழுது பார்ப்பதற்கோ வீட்டுக்காரனும் அவன் பெற்ற பிள்ளையும் மட்டுமே உண்டு. 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அந்தப் பிள்ளையாக இருக்கும் பேறு எனக்கு வாய்த்தது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரியின் கடைமடையில் இருக்கிறது. வீடு தாத்தா கட்டியது. மண்சுவர், நாட்டு ஓடு. முன்னால் திண்ணை, நடுவில் கூடம், ஓர் அறை, பின்னால் தாழ்வாரமும் அடுப்படியும், அதற்கும் பின்னால் கொல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கொல்லையில் நின்ற ஏழு தென்னைகளில் ஐந்தும், முகட்டு ஓடுகளும், கழிப்பறையின் தகரக் கதவும் போயின. நான் அப்போது எட்டாம் வகுப்பு மாணவன். நிவாரணமாக வந்த தார்ப்பாயை முகட்டின் மேல் இழுத்துக் கட்டிவிட்டு, "வர்ற கோடையில பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அந்த "வர்ற கோடை" வருவதற்குள் ஆறு கோடைகள் வந்து போய்விட்டன.

இதைப் பற்றி எனக்கு அப்பாவின் மேல் வருத்தம் உண்டு. வருத்தம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் கோபம். என் அறைத் தோழர்கள் "உங்க ஊருக்கு ஒரு நாள் வர்றோம்டா" என்று கேட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். ஒரு நண்பனிடம் மட்டும் வாய்தவறி, "எங்கப்பா கொஞ்சம் சோம்பேறி, ஒரு ஓட்டை மாத்தறதுக்கு ஆறு வருஷமா யோசிக்கிறார்" என்று சொல்லியும் இருக்கிறேன். அதை இங்கே மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

தேர்வு முடிந்து ஊருக்கு வந்தவன், மறுநாளே திருப்பூருக்கு வண்டியேறுவதாக இருந்தேன். ப்ளஸ் டூ முடித்தபின் ஓராண்டு அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவன் நான். விடுமுறையில் போனாலும் இடம் கிடைக்கும். அப்பாதான் தடுத்தார்.

"இந்த வருஷம் போவேணாம் தம்பி. ஓட்ட மாத்திடுவோம். மேட்டூர் தொறக்கறதுக்குள்ள முடிச்சாகணும்."

மேட்டூர் அணையைக் குறுவைக்காகத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அணை திறந்தபின் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். ஆனால் அதற்கு முன்பே வாய்க்கால் சுரண்டவும் வரப்பு வெட்டவும் அப்பா வயலில் இருக்க வேண்டும். ஆக, எங்களுக்குக் கிடைத்தது ஆறு வாரம். பணத்துக்கு அம்மா தம் மகளிர் குழுவில் கடன் எடுத்திருந்தார்.

ஓடு பிரிப்பதென்பது கீழே நின்று பார்ப்பவர்க்கு, ஏறி எடுத்துப் போடுகிற வேலை. ஏறிய பிறகுதான் கால் வைக்க இடமே இல்லையென்பது தெரிகிறது! ஓட்டை மிதித்தால் ஓடு உடையும். மூங்கில் வரிச்சை மிதித்தால் வரிச்சு ஒடியும். அடியில் கைமரம் எந்த இடத்தில் போகிறதென்று மனத்திலே கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே நடக்க வேண்டும். அப்பா பூனைபோல நடந்தார். நான் முதல் நாளில் இருபத்தேழு ஓடுகளை உடைத்தேன். தங்கை கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்து, இரவுச் சாப்பாட்டின்போது கணக்கை அறிவித்தாள்.

நாட்டு ஓட்டுக் கூரையை இதற்கு முன் நான் உற்றுப் பார்த்ததில்லை. ஒரு வரிசை ஓடு மல்லாந்து கிடக்கிறது, அது வாய்க்கால். பக்கத்துப் பக்கத்து வாய்க்கால்களின் விளிம்பை மூடிக்கொண்டு ஒரு வரிசை குப்புறக் கிடக்கிறது; அது வரப்பு. மழை வரப்பில் விழுந்து வாய்க்காலில் இறங்கி, படிப்படியாக வடிந்து தாழ்வாரத்தில் சொட்டுகிறது. வயல்காரன் மூளையில் உதித்த கூரை என்பதில் எனக்கு ஐயமில்லை. இதில் ஆணி கிடையாது. முகட்டைத் தவிர வேறெங்கும் சாந்தும் கிடையாது. சாய்மானமும் ஓட்டின் எடையுமே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால்தான் ஒரு காக்கையோ அணிலோ பூனையோ ஓர் ஓட்டை விரற்கடை நகர்த்திவிட்டாலும் கீழே பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து, உடைந்ததைத் தள்ளி, நல்லதைத் திரும்ப அடுக்க வேண்டும். நாங்கள் அடுக்கவில்லை.

இரண்டாம் நாள் தாழ்வாரத்துப் பக்கம் பிரித்தோம். எங்கள் வீட்டுக்கு எரவாணம்தான் அலமாரி. கருக்கரிவாள், கோழி இறகு, பழைய மின்கட்டண அட்டை, தாத்தாவின் ஒற்றைக்கால் மூக்குக்கண்ணாடி எல்லாம் அங்கே செருகிக் கிடக்கும். அவற்றைக் கீழே இறக்கி வைக்கும்போது, பாலிதீன் உறையில் சுற்றிய ஒரு தாள் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன். மேலத்தெருக் கொத்தனார் தாத்தாவின் கையெழுத்து. கைமரம் இத்தனை, மூங்கில் இத்தனை, ஓடு 800, முகட்டு ஓடு, சுண்ணாம்பு, கூலி என்று எழுதி, ஆக 41,500 ரூபாய் என்று கூட்டிக் கோடு போட்டிருந்தார். தேதி 2020 தை மாதம்.

அப்படியானால் அந்தக் கோடையிலேயே அப்பா வீட்டைப் பழுது பார்ப்பதாக இருந்திருக்கிறார். பணமும் சேர்த்திருக்கிறார்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் அப்பாவின் எழுத்து. அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கும். "2020 செல் 9,500." அது ஊரடங்கில் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் போய்விட்ட ஆண்டு. "2022 டூசன் 12,000." அது கணக்குக்கும் இயற்பியலுக்கும். "2024 காலேஜ், ரூம், துணி 14,000." ஒவ்வொன்றையும் 41,500-இல் கழித்துக்கொண்டே வந்திருந்தார். கடைசியில் நின்றது 6,000. நடுவில் 2023 மட்டும் இல்லை. அது நான் திருப்பூரில் இருந்த ஆண்டு. அந்தப் பணம் பழைய கடனுக்குப் போனது எனக்கே தெரியும்.

நான் ஏணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்த ஆண்டு எந்த இடத்தில் ஒழுகியது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. செல்போன் வந்த ஆண்டு ஐப்பசியில் கூடத்தின் வடக்கு மூலை. டியூஷன் போன ஆண்டு அடுப்படி. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, அம்மா படுக்கும் இடத்துக்கு நேர் மேலே.

"என்னடா பாக்குற? பழைய சீட்டு அது. கீழ போட்டுடாத, கடைக்குப் போவும்போது வேணும்" என்றார் அப்பா, முகட்டிலிருந்தபடியே. அவ்வளவுதான். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சொன்னபடியே மறுவாரம் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டுதான் சாமான் வாங்கப் போனோம். அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. விலை ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

ஓடு கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் நாட்டு ஓடு சுடுகிற சூளை எதையும் நான் பார்த்ததில்லை. மாமா வந்து பார்த்துவிட்டு, "தகர ஷீட்டப் போட்டு ஒரே நாள்ல முடிங்க மச்சான்" என்றார். கஜாவின்போது எங்கள் தெருவில் தகர ஷீட்டுகள் பறந்ததை அப்பா நினைவுபடுத்தினார். கடைக்காரர் சீமை ஓட்டைச் சொன்னார். 1865-இல் பாசல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து நாடெங்கும் பரவிய ஓடு அது. ஒன்றோடொன்று கொக்கிபோல மாட்டிக்கொள்ளும், அணில் நகர்த்த முடியாது. ஆனால் அதற்குச் சம இடைவெளியில் அறுத்த ரீப்பர் வேண்டும். எங்கள் கோணல் மூங்கிலில் அது உட்காராது. கடைசியில், பக்கத்து ஊரில் மாடி வீடு கட்டுவதற்காக ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்களென்று கேள்விப்பட்டுப் போய், ஓடு ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம் வாங்கி வந்தோம். எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார் அப்பா. "கிண்" என்றால் வண்டியில். "டொக்" என்றால் தரையில். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரிகிறது.

கைமரங்களில் நான்கைக் கரையான் தின்றிருந்தது. மேலே பார்க்கப் பனைமரம். உள்ளே வெறும் மண். அவற்றை மாற்றிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த இரவு வந்தது.

அக்கினி நட்சத்திரத்தில் மழை எங்கே வரப்போகிறது என்ற துணிவில் கூடத்தின் மேல் முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தோம். மே மாத நடுவில் ஒரு நாள் நள்ளிரவில் மேற்கே மின்னி, கால் மணி நேரத்தில் கொட்டத் தொடங்கிவிட்டது. நானும் அப்பாவும் இருட்டில் தார்ப்பாயை இழுக்கிறோம். காற்று அதை எங்களிடமிருந்து பிடுங்குகிறது. அம்மா அரிசி மூட்டையை நகர்த்துவாரென்று நினைத்தேன். அவரோ ஒரு மஞ்சள் பையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஓடினார். என்னுடைய சான்றிதழ்களும் தங்கையின் சான்றிதழ்களும் அந்தப் பையில். அரிசி நனைந்துவிட்டது. நான்கு நாட்கள் அதைக் காயவைத்துத்தான் சாப்பிட்டோம். சிறு வாடை இருந்ததென்பதை மறுப்பதற்கில்லை.

கூடத்து மேற்குச் சுவரும் நனைந்து, முழங்கால் உயரத்துக்கு மண் கரைந்து இறங்கிவிட்டது. இங்கேதான் நான் என் படிப்பைக் காட்டப் புகுந்தேன். உதவித்தொகையில் மிச்சம் வைத்திருந்த பணத்தில் ஒரு மூட்டை சிமெண்டு வாங்கி வந்து, மணல் கலந்து, மண்சுவரின் மேல் நானே பூசினேன். சுவர் பளபளவென்று பட்டணத்துச் சுவராகிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் காலையில், நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, பூச்சு முழுவதும் ஒரே பலகையாகச் சுவரைவிட்டுக் கழன்று "தொப்" என்று கூடத்தில் படுத்துக்கொண்டது.

"மண்ணுக்கும் சிமெண்டுக்கும் சம்பந்தம் ஒத்துவராதுப்பா" என்றார் அப்பா. "சாதகமே பாக்காம முடிச்சுட்ட."

மண்சுவர் ஈரத்தைக் குடிக்கும், பிறகு வெளியே விடும்; குடிக்கும்போது உப்பும், உலரும்போது சுருங்கும். சிமெண்டுப் பூச்சோ அசையாது. ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. இரண்டுக்கும் நடுவில் ஈரம் சிக்கிக்கொண்டால் பூச்சு பிடிமானத்தை இழக்கிறது. இதை எனக்கு விளக்கியவர் எங்கள் பேராசிரியர் அல்லர். சீட்டு எழுதிய அந்த மேலத்தெருக் கொத்தனார் தாத்தா. எண்பதை நெருங்கியவர், ஏணி ஏற முடியாது. திண்ணையில் உட்கார்ந்து வேலை சொல்வதற்கு மட்டும் ஒப்புக்கொண்டு வந்தார். கூலியாக அவர் கேட்டது வெற்றிலையும் பாக்கும். சுண்ணாம்பு எங்களிடமே இருக்கிறதே என்று சிரித்தார்.

வயல் மண்ணில் உமியும் பொடியாக நறுக்கிய வைக்கோலும் போட்டு, தண்ணீர் விட்டு மிதித்து, நான்கு நாட்கள் புளிக்க வைத்துப் பூசினோம். அதற்குமேல் சுண்ணாம்பு. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த கிளிஞ்சல் சுண்ணாம்பு அது. அதை நீற்றிய காலைப்பொழுதை மட்டும் நான் மறக்க மாட்டேன். பீப்பாயில் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். "வையிடா கீழ!" என்று அந்தக் கிழவர் போட்ட சத்தத்தில் குடம் நழுவியே விட்டது.

"மொதல்ல தண்ணி. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா சுண்ணாம்பு. மாத்திச் செஞ்சின்னா மூஞ்சில தெறிக்கும், கண்ணு போயிடும்."

நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றலாகாது என்று ஆய்வகத்தில் முதல் நாளே படித்தவன் நான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். பீப்பாயின் முன்னால் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

அவர் சொன்னபடி போட்டதும் அடுப்பில்லாமலே தண்ணீர் கொதித்தது. தங்கை பயந்து திண்ணைக்கு ஓடிவிட்டாள். 100 கிராம் கிளிஞ்சலைச் சூளையில் ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் 44 கிராம் கரியமில வாயு வெளியேறி, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அந்த 56 கிராம், 18 கிராம் தண்ணீரைக் குடித்து, குடித்த வேகத்தில் வெப்பத்தைக் கக்கி, 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகிறது. அதைச் சுவரில் அடித்தால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் பழைய கிளிஞ்சல் பொருளாகவே இறுகிவிடுகிறது. சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெளுக்கச் செய்யும் வாயு எது என்று பள்ளியில் கேட்பார்களே, அதே சோதனைதான். சோதனைக் குழாய்க்குப் பதில் எங்கள் கூடத்துச் சுவர். இதையெல்லாம் தாத்தாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அதான் மெல்லிசா அடிக்கணும்னு சொல்றேன், காத்து உள்ள போவ வேணாமா?" என்றார்.

மூன்று கை அடித்தோம். ஈரத்தில் வெறும் தண்ணீர்போல் தெரிந்த பூச்சு, உலர உலர வெளுத்துக்கொண்டே வந்தது. முகட்டு ஓடு பதிக்கக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைத்ததைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். இடமில்லை. அடிபம்புக்குத் தோல் வாஷர் மாற்றியதும் அரைநாள் வேலை.

கொல்லையில் ஒரே ஒரு பெரிய வேலை இருந்தது. கழிப்பறை. 2017-இல் அரசு தந்த 12,000 ரூபாய் மானியத்தில் கட்டியது. இரண்டு குழி வெட்ட வேண்டும். ஒன்று நிறைந்தால் மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை இரண்டாண்டு மூடிப் போட்டால் உள்ளேயிருப்பது வெறும் மண்ணாகிவிடும் என்பதுதான் முறை. கட்டிக் கொடுத்தவர்கள் ஒரே குழியோடு முடித்துவிட்டார்கள். கதவைக் கஜா கொண்டுபோயிற்று. பிறகு அது விறகு வைக்கும் அறையாகிவிட்டது. அம்மாவும் தங்கையும் விடியுமுன் வாய்க்கால் கரைக்குப் போனார்கள். கையில் செல்போன் வெளிச்சம். அந்த 9,500 ரூபாய் செல்போன் இப்போது தங்கையிடம் இருக்கிறது.

ஓட்டைப் பற்றி வெட்கப்பட்ட நான் இதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. நான் ஆண்; எனக்கு ஆறு வயலும் பொழுதும் இருந்தன. இந்தக் கோடையில் தங்கையிடம், "உனக்கு என்ன வேணும், சொல்லு, வீட்ல ஏதாவது பண்ணித் தர்றேன்" என்று பெரிய மனிதனைப்போல் கேட்டேன். படிக்கிற மேசை கேட்பாளென்று நினைத்தேன்.

"கொல்லக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேணும்ணே" என்றாள்.

பழைய குழியைத் திறக்க எனக்குக் கூச்சமாயிருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே இறங்கினார். ஏழாண்டு மூடிக் கிடந்த குழியிலிருந்து அவர் அள்ளிப் போட்டது கறுத்த மண்; வாடையே இல்லை. அதை வாழைக்குப் போட்டோம். அடிபம்பிலிருந்து முப்பத்தைந்து அடி தள்ளி இரண்டாவது குழியை நானே வெட்டி, துளையிட்ட சிமெண்டு உறைகளை இறக்கினேன். களிமண் பூமி, ஐந்து நாட்கள் ஆயின. உள்ளங்கைக் கொப்புளங்களை எண்ண இம்முறை தங்கை வரவில்லை, மோர் கொண்டுவந்தாள். கதவு மாட்டிய அன்று இரவு, எல்லாரும் படுத்த பிறகு, கொல்லைப் பக்கம் தாழ்ப்பாள் போடும் ஓசை கேட்டது. சற்று நேரம் கழித்துத் திறக்கும் ஓசை. மறுபடி போட்டாள். மறுபடி திறந்தாள். சரியாக விழுகிறதா என்று பார்த்திருப்பாள்.

ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். கடைசி வரிசை ஓட்டை நாங்கள் முடித்தது அதற்கு முந்தின நாள் மாலை. கூடத்தின் வடக்கு மூலையை, "நீயே போடு" என்று அப்பா என்னிடம் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். நண்பனிடம் நான் சொன்ன அந்த வார்த்தையை அப்பாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று அன்று ஏணியில் நின்றபடி நெடுநேரம் யோசித்தேன். கேட்கவில்லை. கல்லூரி திறந்ததும் அந்த நண்பனைத்தான் முதலில் ஊருக்கு அழைத்துப் போனேன். அப்பா அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. இங்கே அறையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரவு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒரு சொட்டு இல்ல தம்பி. நல்லாத் தூங்கறோம்" என்றார் அம்மா. பின்னாலிருந்து தங்கையின் குரல்: "பொய்யிண்ணே! வடக்கு மூலைல மட்டும் ஒழுவுது. அப்பா குண்டான் வச்சிருக்கார்!"